வேலி பயிரை மேயாதிருக்க: முதல் வகைச் சர்க்கரை நோய் குறித்த வாசகர் கேள்விகள்

2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு, உடலின் எதிர்ப்பு ஆற்றலை அடக்கி வைக்கும் செல்களைக் கண்டறிந்த மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்த வாசகர்கள் பலர், குழந்தைகளைத் தாக்கும் முதல் வகைச் சர்க்கரை நோயோடு அதனை இணைத்துக் கேள்விகள் அனுப்பியிருக்கின்றனர். ஒன்றோடொன்று தொடர்புடைய ஆறு கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் விடையளிக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. நான்கு மாதங்களுக்கு முன்பு திடீரென்று உடல் மெலிந்து, ஓயாமல் தண்ணீர் குடித்து, இரவில் பல முறை சிறுநீர் கழிக்க எழுந்தான். பரிசோதித்துவிட்டு முதல் வகைச் சர்க்கரை நோய் என்றார்கள். அவனுடைய எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்கிவிட்டதாக மருத்துவர் கூறினார். நான் இனிப்புக் கொடுத்துக் கெடுத்ததால்தான் வந்தது என்று என் மாமியார் சொல்கிறார். நோபல் பரிசுச் செய்தியில் வந்த அந்தச் செல்கள் என் மகனிடம் இல்லாமல் போனதுதான் காரணமா? — ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: அம்மா, உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன்பு, உங்கள் மாமியார் சொன்னதற்கு விடை கூறிவிடுகிறேன். குழந்தைக்குக் கொடுத்த இனிப்பு இந்த நோயை உண்டாக்கவில்லை. நீங்கள் செய்த எதுவும், செய்யத் தவறிய எதுவும் இதற்குக் காரணமன்று. பெரியவர்களிடம் பரவலாகக் காணப்படும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வேறு, உங்கள் மகனுக்கு வந்திருப்பது வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் அமைந்துவிட்டதால் நேர்ந்த குழப்பம், எத்தனையோ தாய்மார்களைத் தேவையில்லாத குற்ற உணர்ச்சியில் தள்ளியிருப்பதை என் பணியில் கண்டு வருந்தியிருக்கிறேன். இந்தப் பதிலை உங்கள் மாமியாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கணையத்துக்குள் சுமார் 10 லட்சம் நுண்ணிய செல் திட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. 1869-இல் அவற்றை முதன்முதலாக விவரித்த ஜெர்மானியர் பால் லாங்கர்ஹான்ஸின் பெயராலேயே அவை வழங்கப்படுகின்றன. அந்தத் திட்டுகளில் உள்ள பீட்டா செல்கள்தாம் நமக்கு இன்சுலினைச் சுரந்து தருகின்றன. முதல் வகை நோயில், கிருமிகளை எதிர்ப்பதற்காக உடல் வளர்த்து வைத்திருக்கும் டி செல்கள் என்னும் வெள்ளை அணுக்கள் இத்திட்டுகளுக்குள் புகுந்து, அருகிலுள்ள மற்றச் செல்களை விட்டுவிட்டு, பீட்டா செல்களைத் தேடி அழிக்கின்றன. வேலியே பயிரை மேய்வது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கு அப்படியே பொருந்தும்.

இது நேராமலிருக்க உடல் இரண்டு ஏற்பாடுகளைச் செய்து வைத்திருக்கிறது. மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில்தான் டி செல்கள் முதிர்கின்றன. அங்கேயே உடலின் சொந்தப் புரதங்கள் அவற்றுக்குக் காட்டப்படுகின்றன. அவற்றின் மீது கடுமையாகப் பாய்பவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. ஆனால், எந்தச் சல்லடையிலும் சில தப்பிவிடும். உங்கள் இரத்தத்திலும் என் இரத்தத்திலும் பீட்டா செல்களின் புரதங்களை அடையாளம் காணக்கூடிய டி செல்கள் சில இந்த நேரத்திலும் உலவிக்கொண்டுதான் இருக்கின்றன. அப்படியிருந்தும் நம்முடைய கணையம் பிழைத்திருப்பது எப்படி என்று கேட்டால், அங்கேதான் இரண்டாவது ஏற்பாடு வருகிறது. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று அழைக்கப்படும் ஒரு சிறுபான்மைக் கூட்டம், தப்பி வந்தவற்றை உடலெங்கும் தொடர்ந்து அடக்கி வைத்திருக்கிறது. உதவி டி செல்கள் என்ற பெரும் பிரிவில் இவை நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான் இருக்கும்.

இவை அடக்கும் விதம் நுட்பமானது. ஒரு டி செல் தாக்குதலில் இறங்குவதற்கு, எதிரி இன்னது என்ற அடையாளம் மட்டும் போதாது. அந்த அடையாளத்தைக் காட்டும் செல்லின் மேற்பரப்பிலிருந்து இரண்டாவதாக ஓர் இசைவுக் குறிப்பும் கிடைத்தாக வேண்டும். ஒழுங்குபடுத்தும் செல்கள் தம்மிடமுள்ள சிடிஎல்ஏ-4 என்னும் புரதத்தைக் கொண்டு அந்த இசைவு மூலக்கூறுகளைப் பற்றி இழுத்து, பிய்த்தெடுத்து, விழுங்கியே விடுகின்றன. தாக்கும் செல்கள் பெருகுவதற்கு இன்டர்லூக்கின்-2 என்னும் புரதம் வேண்டும். அதனை மிகுதியாக ஈர்த்துக்கொள்ளும் ஏற்பிகள் ஒழுங்குபடுத்தும் செல்களின் மேல் நிறைந்திருப்பதால், அக்கம்பக்கத்தில் கிடைப்பதை இவையே உறிஞ்சிவிடுகின்றன. இவை தவிர, சீற்றத்தைத் தணிக்கும் புரதங்களையும் இவை சுரக்கின்றன.

இனி உங்கள் மகனைப் பற்றிச் சொல்கிறேன். அந்தச் செல்கள் அவனிடம் இல்லாமல் போய்விட்டன என்பது சரியன்று. இந்நோய் உள்ளவர்களின் இரத்தத்தில் அவற்றின் எண்ணிக்கை பெரும்பாலும் மற்றவர்களுக்கு இருப்பது போலவே இருக்கிறது. வேறுபாடு அவற்றின் திறனில்தான் காணப்படுகிறது. பலரிடம் அவை இன்டர்லூக்கின்-2 தரும் செய்தியைச் சரிவர ஏற்பதில்லை. மறுபக்கம், தாக்கும் செல்களும் அடக்குதலுக்கு எளிதில் பணிவதில்லை. இந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் மரபணுக்களின் பட்டியலில், திசு அடையாள மரபணுக்களுக்கு அடுத்தபடியாக, இன்சுலின் மரபணுவோடு இன்டர்லூக்கின்-2 ஏற்பி, சிடிஎல்ஏ-4 ஆகியவற்றுக்கான மரபணுக்களும் இடம்பெற்றிருப்பது தற்செயலானதன்று. இத்தகைய சிறு சாய்வுகள் பல ஒன்றுசேர்ந்து, மாதக்கணக்கில், பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி நடந்த அழிவின் கடைசிக் கட்டத்தைத்தான் நீங்கள் நான்கு மாதங்களுக்கு முன்பு கண்டீர்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர். 1970-களில் அடக்கும் டி செல்கள் என்ற ஒரு கருத்து பேசப்பட்டு, பிறகு அது தவறென்று கைவிடப்பட்டதை நினைவில் வைத்திருக்கிறேன். இப்போது பேசப்படுவது அதே கருத்தின் மறுபிறப்பா? இம்முறை மட்டும் எதனை நம்பி உறுதி என்கிறார்கள்? — வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, மிகச் சரியான இடத்தில் கேள்வி எழுப்பியிருக்கிறீர்கள். அன்றைய கருத்து வீழ்ந்ததற்குக் காரணம், அந்தச் செல்களை மற்றவற்றிலிருந்து பிரித்தறிய நம்பத்தகுந்த அடையாளம் ஏதும் இல்லாததுதான். அவற்றுக்கு உரியதென்று கருதப்பட்ட மரபணுப் பகுதியை ஆராய்ந்தபோது, அப்படியொரு மரபணு அங்கே காணப்படவில்லை. 1980-களில் அத்துறையே ஏறக்குறைய வெறிச்சோடிப் போனது. ஆனால், அதற்கும் முன்பு, 1969-இல், ஜப்பானிய ஆய்வாளர்களான நிஷிசுகாவும் சகாகுராவும் பிறந்து மூன்று நாட்களான எலிக்குஞ்சுகளின் தைமஸ் சுரப்பியை அகற்றியபோது, அவற்றின் சினைப்பை அழிந்துபோவதைக் கண்டிருந்தனர். டி செல்களை உருவாக்கும் சுரப்பியை எடுத்துவிட்டால் எதிர்ப்பு குறைய வேண்டுமே ஒழிய, உடல் தன்னையே தாக்குவானேன் என்ற புதிரை சகாகுச்சி விடவில்லை.

1995-இல் அவர் வெளியிட்ட ஆய்வு, சிடி25 என்னும் புரதத்தை மேற்பரப்பில் கொண்ட டி செல்களை நீக்கிவிட்டு, எஞ்சியவற்றை மட்டும் தைமஸ் இல்லாத எலிகளுக்குச் செலுத்தியது. தைராய்டு, இரைப்பை, சினைப்பை என்று பல உறுப்புகளில் அழற்சி தோன்றியது. கணையத் திட்டுகளின் அழற்சியும் அவற்றில் ஒன்று. நீக்கிய செல்களைத் தாமதமின்றித் திருப்பிச் செலுத்தியபோது நோய் வராமல் தடுக்கப்பட்டது. அப்போதும் துறையில் பலருக்கு ஐயம் தீரவில்லை. பழைய ஏமாற்றம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது.

ஐயத்தைத் தீர்த்தது முற்றிலும் வேறு திசையிலிருந்து வந்த சான்று. 1940-களில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில், கதிர்வீச்சின் விளைவுகளை ஆராய்வதற்காக வளர்க்கப்பட்ட எலிகளிடையே, செதில் செதிலாகத் தோல் உரியும் ஆண் குஞ்சுகள், இயல்பாகத் தோன்றிய மரபணுப் பழுதோடு பிறந்தன. பிறந்த சில வாரங்களிலேயே அவை இறந்தன. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, வாஷிங்டன் மாநிலத்தின் பாத்தெல் என்னும் ஊரில் ஒரு சிறிய மருந்து நிறுவனத்தில் பணியாற்றிய பிரன்கோவும் ராம்ஸ்டெலும், அந்த எலிகளின் எக்ஸ் குரோமோசோமில் பழுதுற்ற மரபணு எது என்று தேடினர். இன்று சில நாட்களில் முடிந்துவிடக்கூடிய அந்த வேலைக்கு அன்று ஆண்டுகள் பிடித்தன. ஐயத்துக்குரிய 20 மரபணுக்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, இருபதாவதில்தான் பழுதைக் கண்டுபிடித்தனர். அதற்கு ஃபாக்ஸ்பி3 என்று பெயரிட்டனர். 2001-இல் முடிவுகள் வெளிவந்தன. ஒழுங்குபடுத்தும் டி செல்களை உருவாக்கி நிலைநிறுத்துவது இந்த மரபணுதான் என்பதை, சகாகுச்சியின் குழு உட்பட மூன்று குழுக்கள் 2003-இல் தனித்தனியே உறுதி செய்தன. 1970-களில் இல்லாத அடையாளம் இவ்வாறு கிடைத்தது.

மனிதரிடம் இதே மரபணு பழுதானால் என்ன நேரும் என்பதை ஐபெக்ஸ் என்னும் அரிய நோய் காட்டுகிறது. ஆண் குழந்தைகளுக்கே வரும் இந்நோயில் விடாத வயிற்றுப்போக்கும் தோல் அழற்சியும் உண்டாகின்றன. இவற்றோடு, பல குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரங்களிலோ மாதங்களிலோ முதல் வகைச் சர்க்கரை நோயும் வந்துவிடுகிறது. ஒரே ஒரு மரபணு, அதுவும் ஒழுங்குபடுத்தும் செல்களுக்கே உரிய மரபணு பழுதானவுடன் பீட்டா செல்கள் இத்தனை விரைவில் அழிகின்றன என்றால், நம் ஒவ்வொருவரின் கணையமும் எந்தக் காவலின் கீழ் நாள்தோறும் வாழ்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பழுதுற்ற மரபணுவைச் சுமக்கும் தாய்க்கு நோய் வருவதில்லை. அவரிடம் எக்ஸ் குரோமோசோம்கள் இரண்டு இருப்பதால், பழுதற்ற பிரதியைப் பயன்படுத்தும் செல்கள் மட்டுமே ஒழுங்குபடுத்தும் செல்களாக நிலைக்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கையை இடையே சொல்லிவிடுகிறேன். ஆறு மாதத்துக்குள் சர்க்கரை நோய் வரும் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்குக் காரணம் ஐபெக்ஸும் அன்று, தன்னுடல் தாக்குதலும் அன்று. இன்சுலின் சுரப்பைச் சார்ந்த வேறு மரபணுப் பழுதுகளே. அவர்களில் சிலருக்கு ஊசியே தேவையில்லாமல் மாத்திரையால் நோயைக் கட்டுப்படுத்த முடியும். இதற்கான மரபணுப் பரிசோதனை சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையிலேயே செய்யப்படுகிறது. அத்தகைய பச்சிளங்குழந்தை உள்ள எந்தக் குடும்பமும் இப்பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

கேள்வி: என் மூத்த மகளுக்கு இந்நோய் இருக்கிறது. ஐந்து வயதான இளைய மகளுக்கும் வருமா? முன்கூட்டியே அறிந்து தடுக்க முடியுமா? — ஒரு தந்தை, கோயம்புத்தூர்

பதில்: மேலைநாட்டு ஆய்வுகளின்படி, உடன்பிறந்தவருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் ஐந்து. அதாவது, உங்கள் இளைய மகளுக்கு வராமலிருக்கும் வாய்ப்பே மிகுதி.

முன்கூட்டியே அறிய வழி உண்டு. பீட்டா செல் புரதங்களுக்கு எதிராக உடல் உருவாக்கும் ஆன்டிபாடிகளை இரத்தத்தில் காணலாம். இன்சுலின், காட்-65, ஐஏ-2, துத்தநாகக் கடத்தி-8 ஆகிய நான்குக்கும் எதிரானவற்றைச் சோதிப்பது வழக்கம். இவற்றில் இரண்டோ அதற்கு மேலோ நிலையாகக் காணப்படும் குழந்தைகளில் பத்தில் ஏழு பேருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் நோய் வெளிப்பட்டதை, பின்லாந்து, ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளின் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2013-இல் காட்டியது. ஒரு முறை ஏதும் காணப்படவில்லை என்றால், சில ஆண்டுகள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையால் உடனடியாகக் கிடைக்கும் நன்மை ஒன்றுண்டு: ஆபத்து இருப்பதை அறிந்த குடும்பம், குழந்தை அமில நச்சுநிலையில் (இன்சுலின் இல்லாமல் இரத்தம் அமிலமாகும் நிலையில்) மயங்கிய பிறகு மருத்துவமனைக்கு ஓடுவதில்லை.

தடுப்பதைப் பொறுத்தவரை, இன்று சொல்லக்கூடியது ஒத்திப்போடுதல் மட்டுமே. டெப்லிசுமாப் என்னும் மருந்துக்கு 2022 நவம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. ஆன்டிபாடிகளோடு சர்க்கரை அளவிலும் மாறுதல் தொடங்கிவிட்ட, எட்டு வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கென அப்போது ஒப்புதல் பெற்ற இதனை, 14 நாட்கள் தொடர்ந்து இரத்தக் குழாய் வழியே செலுத்துகின்றனர். நோயாளிகளின் உறவினர்கள் 76 பேரிடம் நடத்திய ஆய்வில், இது நோய் வெளிப்படுவதை நடுத்தரக் கணக்கில் சுமார் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டது. முக்கியமாக, இம்மருந்து தாக்கும் செல்களைச் சோர்வடையச் செய்கிறது. ஒழுங்குபடுத்தும் செல்களைப் புதிதாகத் தருவதில்லை. ஒரு முழுச் சிகிச்சைக்கு அமெரிக்காவில் அறிவித்த விலை 1,93,900 டாலர். ஒரு குழந்தைக்கு இரண்டு ஆண்டுகள் ஊசியின்றிக் கிடைப்பது சிறிய பேறு அன்று. ஆனால், இந்த விலையில் அது எத்தனைக் குழந்தைகளுக்கு எட்டும் என்று நினைக்கையில் மனம் கனக்கிறது.

கேள்வி: சர்க்கரை நோயுள்ள என் பேரனுக்கு நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் லேகியமும் கஷாயமும் கொடுக்கலாமா? தடுப்பூசிகளை நிறுத்திவிட வேண்டுமா? — வாசகி, மதுரை

பதில்: வேண்டாம் அம்மா, இரண்டும் வேண்டாம். உங்கள் பேரனுக்கு எதிர்ப்பு ஆற்றல் குறைந்ததால் நோய் வரவில்லை. அது தவறான இடத்தில் பாய்ந்ததால் வந்தது. எதிர்ப்பு ஆற்றலின் தடைகளைத் தளர்த்தினால் என்ன நேரும் என்பதைப் புற்றுநோய் மருத்துவத்தில் காண்கிறோம். டி செல்களின் தடையை விலக்கிப் புற்றுக்கட்டியைத் தாக்கவைக்கும் மருந்துகளைப் பெறுவோரில் நூற்றில் ஒருவர் அளவுக்கு, அதுவரை இல்லாத, இன்சுலின் மட்டுமே கைகொடுக்கும் சர்க்கரை நோய் வந்துவிடுகிறது. கடையில் வாங்கும் லேகியத்துக்கு அத்தனை ஆற்றல் இருக்கும் என்று நான் கூறவில்லை. அதில் சேர்க்கும் வெல்லமும் தேனும் அவனுடைய இன்சுலின் கணக்கைக் குலைக்கும் என்பதே என் கவலை. தடுப்பூசிகள் இந்நோயை உண்டாக்குவதில்லை என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அட்டவணைப்படி அனைத்தையும் போடுங்கள்.

கேள்வி: நோய் கண்டறிந்து மூன்று மாதங்களில் என் மகளுக்கு இன்சுலின் தேவை பாதிக்கும் கீழாகக் குறைந்துவிட்டது. ஒழுங்குபடுத்தும் செல்கள் விழித்துக்கொண்டனவா? ஊசியை நிறுத்திப் பார்க்கலாமா? — ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: நிறுத்தாதீர்கள். இதனை எத்தனை அழுத்தமாகச் சொல்ல முடியுமோ அத்தனை அழுத்தமாகச் சொல்கிறேன்.

நீங்கள் காண்பது தேனிலவுக் காலம் என்று மருத்துவர்கள் குறிப்பிடும் நிலை. நோய் வெளிப்படும்போது பீட்டா செல்கள் முழுவதும் அழிந்திருப்பதில்லை. எஞ்சியவை மிகுந்த சர்க்கரையின் தாக்கத்தால் செயலற்றுக் கிடக்கின்றன. வெளியிலிருந்து இன்சுலின் கிடைத்ததும் அவற்றுக்கு ஓய்வு கிடைத்து, மீண்டும் சுரக்கத் தொடங்குகின்றன. இக்காலத்தில் ஒழுங்குபடுத்தும் செல்களுக்கும் பங்குண்டா என்பது ஆராயப்பட்டு வருகிறது. ஆனால், தாக்குதல் நின்றுவிட்டது என்று எவரும் கருதுவதில்லை. சில மாதங்களில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் நீடித்து, இந்நிலை முடிந்துபோகும். மருத்துவர் சொல்லும் அளவுக்குக் குறைத்து, அந்தச் சிறிய அளவையாவது தொடர்ந்து போடுங்கள். நோய் குணமாகிவிட்டது என்று நம்பி நிறுத்திய பிறகு, அமில நச்சுநிலையில் மூச்சிரைக்கத் தூக்கி வரப்பட்ட குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஒழுங்குபடுத்தும் செல்களை ஊசியாகச் செலுத்தி முதல் வகைச் சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக ஒரு தனியார் மையம் கூறி, ஏழு லட்சம் ரூபாய் கேட்கிறது. என் மகனுக்குச் செய்யலாமா? — வாசகர், சேலம்

பதில்: நகையை அடகு வைத்தாவது இதைச் செய்துவிடலாம் என்று எண்ணும் நிலையில் நீங்கள் இருக்கிறீர்கள் என்பது கடிதத்தின் மற்றப் பகுதிகளிலிருந்து புரிகிறது. எனவே, இதுவரை நடந்ததை விரிவாகவே சொல்கிறேன்.

தாமாகவே சர்க்கரை நோய் வரும் ஓர் எலி இனம் ஜப்பானில் உருவாக்கப்பட்டு, 1980-இல் உலகுக்கு அறிமுகமானது. அந்த எலிகளின் கணையத் திட்டுகளைச் சுற்றி நான்கு வார வயதிலேயே டி செல்கள் கூடிவிடுகின்றன. ஆனாலும், நோய் வெளிப்பட மேலும் பல வாரங்கள் ஆகின்றன. அந்த இடைவெளியைப் பெற்றுத் தருபவை ஒழுங்குபடுத்தும் செல்கள். தாக்குதல் இவ்வாறு கனன்றுகொண்டிருக்கும் எலிகளில் அவற்றை மட்டும் திடீரென்று நீக்கியபோது, சில நாட்களிலேயே நோய் வெடித்துக் கிளம்பியது. மறுபுறம், கணையத் திட்டுகளை அடையாளம் காணும் ஒழுங்குபடுத்தும் செல்களை ஆய்வுக்கூடத்தில் பெருக்கிச் செலுத்தியபோது, நோய் வந்துவிட்ட எலிகளில்கூட அது பின்வாங்கியதை 2004-இல் சான் ஃபிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் காட்டினர். உங்களிடம் பணம் கேட்பவர்கள் இத்தகைய முடிவுகளைத்தான் காட்டியிருப்பார்கள்.

மனிதரிடம் நடந்தது வேறு. 2015-இல் வெளிவந்த முதற்கட்ட ஆய்வில், பெரியவர்கள் 14 பேரின் இரத்தத்திலிருந்து அவரவர் செல்களைப் பிரித்து, பெருக்கி, அதிகபட்சமாக 260 கோடி வரை திருப்பிச் செலுத்தினர். பெரிய தீங்கு ஏதும் நேரவில்லை. செலுத்திய செல்களில், உச்ச அளவின் கால் பங்கு வரை ஓராண்டுக்குப் பிறகும் இரத்தத்தில் காணப்பட்டது. பாதுகாப்பானது என்பதே அந்த ஆய்வின் முடிவு; பயன் உண்டா என்பதை அத்தனைச் சிறிய ஆய்வால் சொல்ல முடியாது. போலந்தின் குதான்ஸ்க் நகரிலும் குழந்தைகளிடம் இம்முயற்சி நடந்து, தொடக்கத்தில் நம்பிக்கை தந்தது. பிறகு, நோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 8 முதல் 17 வயது வரையிலானவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் செல்களைக் கொடுத்து முறையாக ஒப்பிட்ட பெரிய ஆய்வு நடந்தது. ஓராண்டு முடிவில், சொந்த இன்சுலின் சுரப்பைக் காட்டும் சி-பெப்டைடு அளவில் இரு பிரிவுகளுக்கும் வேறுபாடு இல்லை.

ஏன் பலிக்கவில்லை? எலிகளைக் காத்தவை கணையத்தை அறிந்த செல்கள். மனிதருக்குக் கொடுத்தவை எல்லா உறுப்புகளுக்கும் உரியவை கலந்த கூட்டம். அதில் கணையத்துக்குரியவை மிகச் சிலவே இருந்திருக்கும். எனவேதான், கணையத்தை நாடிச் செல்லுமாறு மரபணு மாற்றிய செல்களை உருவாக்கும் பணி இப்போது நடந்து வருகிறது. வெறுமனே எண்ணிக்கையைக் கூட்டினால் போதாது என்பதற்கு மற்றொரு பாடமும் உண்டு. 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இன்டர்லூக்கின்-2 மருந்தையும், எதிர்ப்பு ஆற்றலை அடக்கும் ராபமைசின் என்னும் மருந்தையும் சேர்த்து ஒன்பது பேருக்குக் கொடுத்தபோது ஒழுங்குபடுத்தும் செல்கள் பெருகவே செய்தன. ஆனால், வேறு சில எதிர்ப்புச் செல்களும் கூடவே தூண்டப்பட்டு, இன்சுலின் சுரப்பு தற்காலிகமாகக் குறைந்துபோனது. இச்செல்கள் அளவுக்கு மீறி ஓங்கினாலும் ஆபத்துதான். பல புற்றுக்கட்டிகள் இவற்றின் மறைவில்தான் பிழைத்து வளர்கின்றன.

இத்துறையின் மீது எனக்குள்ள நம்பிக்கை உண்மையானது. கணையத்துக்கே உரிய ஒழுங்குபடுத்தும் செல்களைக் கொண்டு இந்நோயை அதன் தொடக்கத்திலேயே நிறுத்தும் காலம் வரும் என்றே கருதுகிறேன். ஆனால், ஆய்வுக்கட்டத்தில் உள்ள ஒன்றைச் சிகிச்சை என்று விற்பது பெற்றோரின் வேதனையைக் காசாக்குவதாகும். அந்த மையம் நடத்துவது உண்மையான ஆய்வு என்றால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அதற்கு ஒரு பதிவெண் இருக்க வேண்டும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் இருக்க வேண்டும். சோதனையில் பங்கேற்பவரிடம் அந்தச் சிகிச்சைக்காகப் பணம் பெறக் கூடாது. இவற்றை எழுத்தில் தருமாறு கேளுங்கள். தரவில்லை என்றால் அந்த ஏழு லட்சத்தைக் கொடுக்காதீர்கள். அதில் ஒரு பகுதியைக் கொண்டே தடையில்லாத இன்சுலினுக்கும், சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் கருவிக்கும் வழிசெய்து, உங்கள் மகனை வழக்கமான மருத்துவரிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.